மெட்டுக்கும் ஓய்வுநாள் உண்டோ?

நம் முன்னோர் பாடிக்கொண்டே உழைத்தனர். ஏற்றம் இறைத்தவன் சால்களை எண்ணுவதற்குப் பாடினான். நாற்று நட்ட பெண்கள் குனிந்த முதுகின் வலியை மறக்கப் பாடினர். கடற்கரையில் வலை இழுத்தவர்கள், ஒருவர் ‘ஏலேலோ’ என்று எடுத்துக்கொடுக்க, மற்றவர் ஏற்றுப் பாடினர். இப்பாடல்களில் ஒரு நுட்பம் உண்டு. பாட்டின் வேகத்தை முடிவு செய்தது உழைப்பவனின் மூச்சே. அவன் களைத்தால் பாட்டும் தளரும். அவன் நிறுத்தினால் பாட்டும் நிற்கும். பாட்டு உழைப்பவனுக்குத் துணை நின்றதேயன்றி அவனை ஏவவில்லை.

இயந்திர யுகம் இந்த ஒழுங்கைத் தலைகீழாக்கிற்று. இரண்டாம் உலகப் போரின்போது, 1940-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், பி.பி.சி. வானொலி ஆலைத் தொழிலாளருக்கென்றே ஓர் இசை நிகழ்ச்சியைத் தொடங்கிற்று. உற்பத்தி பெருக வேண்டும் என்பதே அதன் நோக்கம். அதில் ஒலிபரப்பாகாமல் தடுக்கப்பட்ட ஒரு பாடலைப் பற்றிச் சொல்வார்கள். பாடலின் நடுவே கைதட்டும் இடம் வரும். அவ்விடத்தில் தொழிலாளர் கையிலிருந்த கருவிகளால் இயந்திரங்களின் மேல் தாளம் போடத் தொடங்கிவிடுவர் என்ற அச்சமே அதற்குக் காரணமாம். கை இசைக்குக் கீழ்ப்படியலாம், இசையோடு விளையாடலாகாது! அமெரிக்காவில் மியூசாக் என்ற நிறுவனம் இதை ஒரு கலையாகவே வளர்த்தது. பதினைந்து நிமிடப் பகுதிகளாக இசையைத் தொகுத்து, ஒவ்வொரு பகுதிக்குள்ளும் விறுவிறுப்பைப் படிப்படியாக ஏற்றி, பணியிடங்களுக்கு அனுப்பியது. கேட்பவர் அறியாமலே அவரது கை விரைந்தது.

உழைப்புக்கு நேர்ந்த இக்கதி விளையாட்டுக்கும் நேர்ந்தது. 1978-ஆம் ஆண்டில் ஜப்பானைச் சேர்ந்த தைட்டோ நிறுவனம் ‘ஸ்பேஸ் இன்வேடர்ஸ்’ என்ற வீடியோ விளையாட்டை வெளியிட்டது. காசு போட்டால் இயங்கும் பெட்டி அது. அதை வடிவமைத்தவர் தொமொஹிரோ நிஷிகாடோ. திரையில் வரிசை வரிசையாக எதிரிகள் இறங்கி வருவார்கள். ஆடுபவர் அவர்களைச் சுட்டு வீழ்த்த வேண்டும். பின்னணியில் ஒலிப்பவை நான்கே சுரங்கள், ஒன்றைவிட ஒன்று தாழ்ந்து, மீண்டும் மீண்டும். எதிரிகள் குறையக் குறைய எஞ்சியவர்கள் விரைவார்கள். அந்த நான்கு சுரங்களும் உடன் விரையும். திரையில் வரைய வேண்டிய உருவங்கள் குறைந்ததால் கணிப்பொறிக்குச் சுமை குறைந்தது. அதனால் எஞ்சியவை தாமாகவே விரைந்தன. வடிவமைத்தவர் முதலில் திட்டமிடாத இந்த விளைவே ஆட்டத்தின் உயிராயிற்று. ஆடுபவரின் நெஞ்சுத் துடிப்பும் அதனோடு சேர்ந்து ஏறிற்று.

இவ்வகை இசைக்கு முடிவு என்று ஒன்று கிடையாது. ஆடுபவர் தோற்கும் வரை அது சுழன்றுகொண்டே இருக்கும். அவர் தோற்றதும் அறுந்து நிற்கும். உடனே அடுத்த காசு. சுருங்கச் சொன்னால், ஆலைச் சங்கிற்கும் இந்த மெட்டிற்கும் உறவு நெருக்கமானது. இரண்டும் மனிதனின் நேரத்தை வேறொருவர் கணக்கிற்கு அளந்து கொடுத்தன.

நம் ஊர்களுக்கு இவ்விசை வேறொரு வழியாக வந்தது. காசு போட்டு ஆடும் பெரிய பெட்டிகளை நம்மில் பலர் கண்டதில்லை. ஆனால் அந்த ஆட்டங்களின் வீட்டு வடிவங்கள், பெரும்பாலும் உரிமம் பெறாத நகல்களாக, 1990-களில் சென்னை பர்மா பஜாரிலும் பிற கடைத்தெருக்களிலும் கிடைத்தன. ஒரு சிறிய அறை, ஒரு தொலைக்காட்சிப் பெட்டி, மணிக்கணக்கில் வாடகை என்று சிற்றூர்களிலும் கடைகள் தோன்றின. பள்ளி விட்டதும் சிறுவர்கள் அங்கே ஓடினர். பெற்றோர் திட்டினர். நாங்கள் குருக்களும் மறைக்கல்வி வகுப்பில் அதைக் கண்டித்துப் பேசியதுண்டு. அச்சிறுவர்கள் இன்று நாற்பதை எட்டியவர்கள். பலர் தொழிற்சாலைகளில் பணி செய்கிறார்கள்.

இந்தப் பழைய விளையாட்டு இசையை இன்று உலகெங்கும் ரசிகர்கள் எடுத்து, வேறு வடிவில் வார்த்து வருகிறார்கள். விரைந்து துடித்த மெட்டை மெதுவாக்குகிறார்கள். கிதாரில் ஒரு சுரத்தை மீட்டி, அதன் எதிரொலி கரைந்து முடியும் வரை காத்திருந்து அடுத்த சுரத்திற்குச் செல்கிறார்கள். தாளம் தொலைவில் கேட்கிறது. சில வேளை முற்றிலும் மறைந்து விடுகிறது. ‘ஆம்பியன்ட் ராக்’ என்று இதைச் சொல்கிறார்கள். சூழலோடு கலந்து நிற்கும் இசை என்று நாம் பொருள் கொள்ளலாம். ‘ஆம்பியன்ட்’ என்ற பெயரை இசையுலகில் நிலைநிறுத்தியவர் ஆங்கிலேயரான பிரயன் ஈனோ. விமான நிலையங்களில் காத்திருப்போர் மனம் அமைதியுற வேண்டும் என்று அவர் ஓர் இசைத்தட்டை உருவாக்கினார். அதற்கு அவர் விளக்கவுரை எழுதியது 1978-ஆம் ஆண்டு செப்டம்பரில். அதாவது, நிஷிகாடோவின் நான்கு சுரங்கள் ஜப்பானை விரட்டிக்கொண்டிருந்த அதே ஆண்டில். விரைவின் இசையும் அமைதியின் இசையும் ஒரே ஆண்டின் குழந்தைகள். அவை இரண்டையும் பின்னாளில் ஒன்று சேர்த்து வைத்தவர்கள் பெயர் தெரியாத ரசிகர்கள். பெரும்பாலும் இவர்கள் இதற்குக் கூலி பெறுவதில்லை. 1999-இல் அமெரிக்கர் டேவிட் லாய்ட் தொடங்கிய ‘ஓவர்கிளாக்ட் ரீமிக்ஸ்’ என்ற தொகுப்பில் இத்தகைய ஆயிரக்கணக்கான இசைத்துண்டுகள் விலையின்றிக் கிடைக்கின்றன.

கும்மிடிப்பூண்டி சிப்காட் பகுதியில் இரும்பு உருக்கும் உலைகளும் உருட்டாலைகளும் இரவும் பகலும் இயங்குகின்றன. இரவு ஷிப்டு முடிந்து புறநகர் ரயிலில் திரும்பும் தொழிலாளர் பலரின் காதுகளில் இயர்ஃபோன் இருக்கும். அவர்களுள் பொன்னேரிப் பக்கத்தைச் சேர்ந்த ஒருவரிடம், “என்ன தம்பி கேட்கிறாய்?” என்று வினவினேன். சிறு வயதில் தாம் ஆடிய விளையாட்டின் இசையை யாரோ ஒருவர் மெதுவாக்கி வாசித்திருப்பதாகச் சொன்னார். “சின்ன வயசுல இதைக் கேட்டா கை பதறும், ஃபாதர். இப்போ அதே பாட்டைக் கேட்டா மூச்சு சீராகுது” என்றார். ஓட வைத்த ஒன்றே எவ்வாறு ஒருவரை இளைப்பாறச் செய்ய முடியும்? இது ரசனை பற்றிய கேள்வி மட்டுமன்று. அறநெறி பற்றிய கேள்வியும் ஆகும்.

முதலில் ஓர் எதிர்வாதம் எழும். காசு பறிப்பதற்காகச் செய்யப்பட்ட மெட்டு அது. அதில் என்ன மேன்மை இருக்க முடியும்? குருமடத்தில் மெய்யியல் கற்ற நாள்களில் ஒரு வேறுபாட்டை எங்களுக்குச் சொல்லித் தந்தார்கள். செயலின் நோக்கம் வேறு. செய்பவரின் நோக்கம் வேறு. தச்சன் செய்யும் நாற்காலியின் நோக்கம் உட்காருவது. தச்சனின் நோக்கம் கூலியாக இருக்கலாம், புகழாக இருக்கலாம், தன் தொழில்மீது கொண்ட அன்பாகவும் இருக்கலாம். இவ்விசைக்கும் இது பொருந்தும். நிறுவனத்தின் நோக்கம் காசு. ஆனால் அந்த மெட்டை அமைத்தவர், தமக்குக் கிடைத்த சில விநாடிகளுக்குள், குறைந்த திறனுள்ள ஒரு மின்சில்லுக்குள், அழகான ஒன்றை வைக்க முயன்றிருக்கிறார். முதலாளியின் நோக்கம் நிறைவேறி மறைந்துவிட்டது; பெட்டிகள் பழைய இரும்புக்குப் போய்விட்டன. செய்தவரின் நோக்கம் இன்றும் கேட்கிறது.

திருச்சபையின் இசை வரலாறும் இதை அறியும். பதினைந்தாம் நூற்றாண்டில் ‘ஆயுதம் தரித்தவன்’ என்று பொருள்படும் ஒரு பிரெஞ்சுப் பாட்டு மக்களிடையே வழங்கிற்று. ஆயுதம் தாங்கியவனுக்கு அஞ்சுங்கள் என்று எச்சரிக்கும் உலகியல் பாட்டு அது. துஃபாய், ஜோஸ்கன், பலஸ்திரீனா முதலிய மேதைகள் அம்மெட்டை அடித்தளமாக வைத்துத் திருப்பலி இசை அமைத்தனர். அவ்வகையில் நாற்பதுக்கு மேற்பட்ட திருப்பலி இசைகள் நமக்குக் கிடைத்துள்ளன. ஆலய இசையில் தகாத கலப்பு நீங்க வேண்டும் என்று திரிதெந்தின் பொதுச்சங்கம் 1562-இல் ஆணையிட்ட பின்னரும், 1570-இல் பலஸ்திரீனா இம்மெட்டின் மேல் அமைத்த திருப்பலி இசையை அச்சிட்டு வெளியிட்டார். அவர்கள் கையாண்ட முறையைக் கவனியுங்கள். தெருப்பாட்டின் சுரங்களைப் பெரும்பாலும் மிக நீளமாக நீட்டி, ஒரு குரலுக்குத் தாங்கக் கொடுத்தனர். ‘டெனர்’ என்ற சொல்லுக்கே தாங்கிப் பிடிப்பது என்றுதான் வேர்ப்பொருள். கேட்பவர் அதைத் தெருப்பாட்டென்று உடனே கண்டுகொள்ள முடியாத அளவுக்கு அது மெதுவாயிற்று. ரசிகர்களின் கிதார் இன்று செய்வது பெரும்பாலும் அதையே. ஆகவே ஒரு மெட்டு பிறந்த இடமே அதன் தலைவிதி என்று நாம் முடிவு கட்ட வேண்டியதில்லை.

மெதுவாக்குவதன் பொருள் என்ன? ஓய்வுநாள் பற்றிய கட்டளை விவிலியத்தில் இரண்டு இடங்களில், இரண்டு காரணங்களோடு வருகிறது. விடுதலைப் பயணம் 20-ஆம் அதிகாரம், இறைவன் படைத்து ஓய்ந்ததைக் காரணம் காட்டுகிறது. இணைச்சட்டம் 5-ஆம் அதிகாரமோ, நீ எகிப்தில் அடிமையாய் இருந்ததை நினைவில் கொள் என்கிறது. எகிப்தில் நடந்தது என்ன? வைக்கோல் தர மறுத்து, செங்கல் எண்ணிக்கையை மட்டும் குறைக்காமல் கேட்டான் பார்வோன். அளவு மாறாது, நேரம் சுருங்கும், கை விரைய வேண்டும். ஓய்வுநாள் அந்தக் கணக்கை நிறுத்துகிறது. அது வேலையை இகழவில்லை; வேலையை எண்ணிக்கையின் பிடியிலிருந்து விடுவிக்கிறது. மேலும் அக்கட்டளை வீட்டுத் தலைவனோடு நின்றுவிடவில்லை. அடிமைக்கும், அந்நியனுக்கும், மாட்டுக்கும், கழுதைக்கும் ஓய்வு உண்டு என்கிறது. உழைத்தது எதுவாயினும் ஒரு நாள் அது தானாக இருந்துகொள்ளட்டும் என்பதே அதன் உட்கருத்து.

இந்த ஒளியில் பார்த்தால், ரசிகர்கள் செய்வதை ‘மெட்டுக்கு ஓய்வுநாள் தருவது’ என்று சொல்லலாம். பல ஆண்டுகள் பிறர் கைகளை விரட்டும் பணியில் இருந்த மெட்டு அது. அதை அப்பணியிலிருந்து இறக்கி, அதற்கு ஒரு தொடக்கமும் முடிவும் கொடுத்து, அது எத்தகைய அழகுடையது என்று முதன்முறையாகக் கேட்கிறார்கள். அந்த ஓய்வின் விதை மூல இசையிலேயே சில இடங்களில் இருந்தது. 1986-இல் சேகா நிறுவனம் வெளியிட்ட ‘அவுட் ரன்’ என்ற கார்ப்பந்தய விளையாட்டுக்கு இசை அமைத்தவர் ஹிரோஷி கவாகுச்சி. நிரல் எழுதும் பணிக்கு வந்து இசைக்குத் திரும்பியவர் அவர். ஆட்டம் முழுதும் கடிகாரம் ஓடும். நேரம் தீர்ந்தால் கார் நின்றுவிடும். ஆனால் ஆட்டம் முடிந்து, நல்ல மதிப்பெண் பெற்றவர் தம் பெயரைப் பதிக்கும் திரை வரும்போது, ‘கடைசி அலை’ என்று பொருள்படும் ஓர் அமைதியான இசையை அலையோசையோடு அவர் வைத்தார். ஓட்டம் ஓய்ந்த இடத்தில், ஒருவர் தம் பெயரை எழுதும் இடத்தில், கடலின் ஓசை.

இரண்டாவது எதிர்வாதம் இன்னும் கூர்மையானது. இத்தகைய இசை ஒரு தாலாட்டுத்தானே? பன்னிரண்டு மணி நேர ஷிப்டைச் சகித்துக்கொள்ளத் தொழிலாளியைப் பழக்கும் மருந்தாக அது ஆகிவிடாதா? அந்த ஆபத்து உண்டு. மியூசாக் நிறுவனத்தின் இசையும் இனிமையாகவே இருந்தது என்பதை மறக்கலாகாது. ஓய்வுக்கும் மயக்கத்துக்கும் உள்ள வேறுபாட்டை அதன் பலனைக் கொண்டே அறியலாம். மயங்கியவன் மறுநாள் முன்போலவே நுகத்துக்குத் தலை கொடுப்பான். உண்மையில் ஓய்ந்தவனுக்கு ஒரு கேள்வி பிறக்கும்: ‘இவ்வளவு விரைவு எதற்கு? யாருக்காக?’ ஓய்வுநாளைக் கொண்டாடிய மக்கள் எகிப்தை மறக்கவில்லை. அதை நினைவுகூர்ந்துகொண்டே ஓய்ந்தார்கள். மெதுவாக ஒலிக்கும் இந்த மெட்டும் தான் முன்பு விரட்டிய நாள்களை மறைப்பதில்லை. மூச்சு சீராயிற்று என்று சொன்ன அந்தத் தொழிலாளி, கை பதறியதையும் சேர்த்தே சொன்னார் அல்லவா?

மூன்றாவது கேள்வி நீதியைப் பற்றியது. பிறர் அமைத்த மெட்டை எடுத்து மாற்ற இவர்களுக்கு உரிமை ஏது? சட்டத்தின் கண்ணில் இவற்றில் பெரும்பாலானவை முறையான அனுமதி பெற்றவை அல்ல. ஆயினும் இங்கே வியப்பான ஒன்று நடந்துள்ளது. 1980-களில் ஜப்பானிய விளையாட்டு நிறுவனங்கள் பல, இசை அமைத்தவர்களின் பெயரைத் திரையில் காட்டவில்லை. போட்டி நிறுவனம் அவர்களைக் கவர்ந்து சென்றுவிடும் என்ற அச்சம். சிலர் செல்லப்பெயர்களில் மறைந்து நின்றனர். 1991-இல் வெளிவந்து உலகெங்கும் பரவிய ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2’ விளையாட்டில், அதன் இசையில் பெரும்பகுதியை அமைத்த யோகோ ஷிமொமுராவின் முழுப்பெயர் இல்லை. ‘செவியஸ்’ விளையாட்டின் சில விநாடி மெட்டு பல நாடுகளின் சிறுவர் காதுகளில் சுழன்றது. அதை அமைத்த பெண்மணி யுரிகோ கெய்னோ என்பதை எத்தனை பேர் அறிவர்? நம் சிற்றூர் அறைகளில் விற்ற உரிமமற்ற நகல்களில் பெயருக்கு இடமே இல்லை. இப்பெயர்களைத் தேடியெடுத்து, தாங்கள் வார்த்த ஒவ்வொரு இசைத்துண்டின் அருகிலும் எழுதி வைத்தவர்கள் பெரும்பாலும் ரசிகர்களே. பொருளை எடுத்துக்கொண்டவர்கள் பெயரைத் திருப்பிக் கொடுத்தார்கள். நிறுவனமோ பொருளைக் காத்துப் பெயரை மறைத்தது.

நம் நாட்டின் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் இவ்விரண்டையும் வேறுபடுத்தியே காண்கிறது. படைப்பை விற்கும் உரிமையைப் படைப்பாளர் பிறருக்கு மாற்றித் தந்துவிடலாம். ஆனால் ‘இது என் படைப்பு’ என்று சொல்லிக்கொள்ளும் உரிமையும், தம் மதிப்புக்கு ஊறு நேரும்படி அது சிதைக்கப்பட்டால் தடுக்கும் உரிமையும், விற்ற பின்னரும் அவரிடமே நிற்கும் என்று அதன் 57-ஆம் பிரிவு கூறுகிறது. தமிழ்த் திரையிலும் ரீமிக்ஸ் உண்டு. 1970-இல் ‘சொர்க்கம்’ படத்தில் வந்த ‘பொன்மகள் வந்தாள்’ 2007-இல் ‘அழகிய தமிழ் மகன்’ படத்தில் புதுக்கோலம் பூண்டது. பழைய மெட்டை எடுப்பதில் தவறு என்று ஒரேயடியாகச் சொல்ல முடியாது. விரைவைக் கூட்டி, ஓசையைப் பெருக்கி மீண்டும் ஒரு முறை சந்தைக்கு அனுப்புகிறோமா, அல்லது மூலத்தை மதித்து அதன் உள்ளிருந்த ஒன்றைப் புலப்படுத்துகிறோமா என்பதே கேள்வி.

கம்பரைப் பற்றி ஒரு செவிவழிக் கதை உண்டு. ஏற்றம் இறைப்பவன் ஒருவன் பாடிய ஓரடியைக் கேட்டுவிட்டு, அடுத்த அடி என்னவாக இருக்கும் என்று இரவெல்லாம் சிந்தித்தும் பிடிபடாமல், மறுநாள் வந்து அவன் வாயாலேயே கேட்டு வியந்தாராம் கவிச்சக்கரவர்த்தி. கதையை நாம் இன்றும் சொல்கிறோம். அந்த ஏற்றக்காரன் பெயரைக் கதை சொல்வதில்லை. வியப்பு இருந்தது, வியப்போடு பெயர் கேட்கும் வழக்கம் இல்லாமற்போயிற்று.

இதுவே நம் தொழிற்பேட்டையின் கதையும் ஆகும். ஆலைக்குள் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த ஒப்பந்தத் தொழிலாளர் பலர் டோக்கன் எண்ணாலும் ஒப்பந்தக்காரர் பெயராலுமே அறியப்படுகிறார்கள். அவர்கள் உருட்டிய கம்பி நம் வீட்டுக் கூரையைத் தாங்குகிறது. நம் ஆலயத் தூண்களுக்குள்ளும் அது இருக்கலாம். திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் உழைப்பைக் குறித்து 1981-இல் வெளியிட்ட ‘லபோரெம் எக்சர்சென்ஸ்’ என்னும் சுற்றுமடலில், உழைப்பின் மதிப்பை முதலில் நிர்ணயிப்பது செய்யப்படும் பொருளன்று, அதைச் செய்யும் மனிதரே என்று கற்பித்தார். ஒரு பொருளை உண்மையாய் விரும்புகிறவர் அதைச் செய்தவரைத் தேடுவார். அவருக்கு ஓய்வு கிடைக்கிறதா, அவர் பெயர் சொல்லப்படுகிறதா என்று கேட்பார். விளையாட்டு இசையின் ரசிகர்கள் எந்த மறைநூலையும் மேற்கோள் காட்டாமல் இவ்விரண்டையும் ஒரு சிறிய அளவில் செய்திருக்கிறார்கள்: மெட்டுக்கு ஓய்வு, அமைத்தவருக்குப் பெயர்.

அன்பு வாசகரே, இந்த இசை உங்களுக்குப் பிடிக்க வேண்டும் என்பதில்லை. உங்கள் மகனோ மகளோ அதைக் கேட்டுக்கொண்டிருந்தால், அதை வீண்பொழுது என்று தள்ளுமுன் யார் அமைத்தது என்று கேளுங்கள். பெரும்பாலும் அவர்களுக்குத் தெரிந்திருக்கும். பிறகு நம் பக்கமும் சற்றுத் திரும்புவோம். ஞாயிறு திருப்பலியில் நாம் பாடும் பாடல்களில் எத்தனை பாடல்களுக்கு எழுதியவர் பெயரும் மெட்டமைத்தவர் பெயரும் நமக்குத் தெரியும்? பாடல் தாள்களை நகலெடுக்கும்போது முதலில் விடுபடுவது அந்தச் சிறிய எழுத்திலுள்ள பெயர்கள்தாமே? வரும் ஞாயிறு பாடற்குழுவினர் அவற்றைத் தேடி எழுதத் தொடங்கட்டும். அதோடு, ஆலயத்தின் கடைசி வரிசையில், இரவு ஷிப்டு முடித்துவிட்டு வீட்டுக்கும் போகாமல் கண் எரிய அமர்ந்திருக்கும் வெளிமாநிலத் தம்பியிடம், திருப்பலி முடிந்ததும் அவன் பெயரைக் கேட்போம்.